காட்டு விலங்குகளின் காசநோயும் குருதிச் சோதனையும்

காசம் என்னும் வடசொல்லுக்கு இருமல் என்பது பொருள். வெளியே தோன்றும் ஓர் அறிகுறியைக் கொண்டு நோய்க்குப் பெயரிட்டனர். ஆயினும், காட்டு விலங்குகளிடம் இப்பெயர் நமக்கு வழிகாட்டாது. நோய் தொற்றிய காட்டெருமை நெடுங்காலம் எவ்வித அறிகுறியும் இன்றி மந்தையோடு மேய்ந்து திரியக்கூடும்.

தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவில், 1990ஆம் ஆண்டு காட்டெருமைகளிடம் இந்நோய் கண்டறியப்பட்டது. தெற்கு எல்லையை ஒட்டி மேய்ந்த வளர்ப்பு மாடுகளிலிருந்து அது பரவியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. கிருமியின் பெயர் மைக்கோபாக்டீரியம் போவிஸ். எருமைகளை இரையாகக் கொண்ட சிங்கங்களையும் அது பற்றியது.

மாடுகளுக்கு வழக்கமாகச் செய்யப்படுவது தோல் சோதனை. கிருமியிலிருந்து எடுக்கப்படும் டியூபர்குலின் என்னும் புரதக் கலவையைத் தோலில் செலுத்தி, 72 மணி நேரம் கழித்து வீக்கத்தை அளப்பர். தொழுவத்து மாட்டுக்கு இது எளிது. காட்டெருமையையோ மயக்க ஊசி எய்து பிடித்து, மூன்று நாள் அடைத்து வைத்து, மீண்டும் ஒருமுறை கையாள வேண்டும். குருதிச் சோதனைக்கு ஒருமுறை பிடித்தால் போதும்.

எடுத்த குருதியை டியூபர்குலினோடு கலந்து, உடல் வெப்பநிலையில் ஓர் இரவு வைப்பர். கிருமியை முன்பே எதிர்கொண்ட வெள்ளை அணுக்கள் அதனை இனங்கண்டு, இன்டர்ஃபெரான் காமா என்னும் புரதத்தைச் சுரக்கும். அதன் அளவைக் கொண்டே முடிவு கூறப்படும். அணுக்கள் உயிரோடு இருக்க வேண்டுமாதலால், குருதி காலந்தாழ்த்தாது ஆய்வகம் சேர வேண்டும். மண்ணிலும் நீரிலும் வாழும் இனக்கிருமிகளும் இவ்வணுக்களைத் தூண்டக்கூடும். ஆகவே, பறவைக் காசக்கிருமியின் டியூபர்குலினோடும் குருதியைத் தனியே கலந்து, இரு விளைவுகளையும் ஒப்பிடுவர்.

குருதியில் எதிர்ப்பொருளைத் தேடும் சோதனையும் உண்டு. அது விரைவானது. எனினும், எதிர்ப்பொருள் பெரும்பாலும் நோய் முற்றிய பின்னரே மிகுவதால், தொடக்கநிலைத் தொற்று தப்பிவிடலாம்.

இச்சோதனைகள் எவையும் கிருமியை நேரில் காண்பதில்லை. உடல் காட்டிய எதிர்வினையையே காண்கின்றன. கிருமியை உறுதிசெய்ய, திசுவிலிருந்து அதனை வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். இதற்கிடையே, எதிர்வினை காட்டிய எருமையைக் கொல்லும் நடைமுறை சில காப்பகங்களில் உண்டு. முடிவு பிழையானால் நலமான விலங்கு மடியும். தவறவிட்டாலோ மந்தைக்கே கேடு. ஆதலால், ‘நோய் உண்டு’ என்பதும் ‘குருதி எதிர்வினை காட்டியது’ என்பதும் ஒரே பொருள் தரும் தொடர்கள் அல்ல. அறிவியல் தமிழ் எழுதப் பழகும் மாணவர், இவ்வேறுபாட்டை முதலில் பழகுதல் நன்று.