குப்பைக்கும் மூச்சு வேண்டும்

"பிள்ளை, இந்தக் குப்பைக்கு ஒருத்தரும் நெருப்பு வைக்கேல்லை. ஆனா உள்ளுக்குள்ள இருந்து புகையுது. அது ஏன்?"

வடக்கில் ஒரு மீள்குடியேற்றக் கிராமத்துக்குக் களப்பணிக்காகச் சென்றிருந்தபோது ஓர் அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. போரில் கணவரை இழந்தவர். முகாமிலிருந்து சொந்தக் காணிக்குத் திரும்பி வந்தபோது, வேலிக்கு அப்பால் இருந்த வெறுங்காணி குப்பை கொட்டும் இடமாக மாறியிருந்தது. கோடையில் புகை. மாரியில் கிணற்றடி வரை வரும் கறுப்புத் தண்ணீர். இரண்டுக்கும் நடுவே இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார்.

சமூகவியல் படித்த எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்கவில்லை. தேடிப் படித்தேன். அப்படித் தேடியபோதுதான் யப்பான் நாட்டுச் சுற்றாடல் பொறியியலாளர் ஒருவரின் ஆய்வு கண்ணில் பட்டது. அதை அந்த அம்மாவுக்குச் சொன்னது போலவே உங்களுக்கும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

மூடிய குப்பைக்குள் நடப்பது என்ன?

எங்கள் நாட்டில் வீடுகளிலிருந்து போகும் குப்பையில் பாதிக்கும் மேல் உக்கக்கூடியது. மரக்கறித் தோல், மீன் செதில், மிஞ்சிய சோறு, வாழையிலை போன்றவையே அதில் அதிகம். இவை காற்றுப்படும் இடத்தில் கிடந்தால், காற்றிலுள்ள ஒட்சிசனைப் பயன்படுத்தும் நுண்ணுயிர்கள் அவற்றை உக்கவைத்துப் பசளையாக்கிவிடும். ஆனால் குப்பைக்கு மேல் குப்பையாகக் கொட்டி, அமுக்கி, மழைநீரும் தேங்கிவிட்டால் அடியிலுள்ள குப்பைக்குக் காற்றுக் கிடைக்காது. அப்போது காற்றில்லாமல் வாழும் வேறுவகை நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவை குப்பையைத் தின்று வெளிவிடும் வாயுவில் ஏறக்குறைய பாதி மீதேன்.

மீதேனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குப்பை மேட்டில் எங்கள் மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம் வேறு வாயுக்களால் வருவது. ஆனால் மீதேன் எரியும். காற்றோடு 5 முதல் 15 வீதம் வரை கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். உக்கும்போது குப்பையின் உட்பகுதியும் நன்றாகச் சூடேறுகிறது. உள்ளே ஓரிடத்தில் தணல் பிடித்துவிட்டால், ஊறிவரும் மீதேன் அதற்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருக்கும். மேலே தண்ணீர் தெளித்தாலும் உள்ளே புகைந்துகொண்டிருக்கும். அந்த அம்மாவின் கேள்விக்கான பதில் இதுதான்.

இன்னொரு தீமையும் உண்டு. பூமியைச் சூடாக்குவதில் மீதேன், 100 ஆண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டைவிட ஏறக்குறைய 28 மடங்கு வலியது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 80 மடங்கு. ஆனால் அது ஏறக்குறைய 12 ஆண்டுகள்தான் வளிமண்டலத்தில் நிலைக்கும். ஆகவே இன்று மீதேனைக் குறைத்தால் அதன் நன்மையை எங்கள் பிள்ளைகள் தம் காலத்திலேயே காண்பார்கள்.

மலைகள் சரிந்த நாட்கள்

2005 பெப்ரவரி 21ஆம் திகதி இந்தோனேசியாவின் பாண்டுங் நகருக்கு அருகே லெயுவிகாஜா என்ற இடத்தில், கடும் மழையின் பின் குப்பை மலை சரிந்து 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உள்ளே அடைபட்டிருந்த மீதேன் வெடித்ததும் அதற்கு ஒரு காரணம் எனப்பட்டது. 2017 மார்ச் 11ஆம் திகதி எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் கோஷே குப்பை மேடு சரிந்து 110க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும்.

அதற்கு ஐந்து வாரங்கள்கூட ஆகவில்லை. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்ல குப்பை மலை சரிந்து வீடுகள் மேல் விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். அடியில் இருந்த சேற்று நிலம், தாங்கமுடியாத பாரம், உள்ளே ஊறிய மழைநீர் என்று பல காரணங்கள் சேர்ந்திருந்தன. அந்த மலை ஆபத்தானது என்று அங்குள்ள மக்கள் அதற்கு முன்பே பலமுறை குரல் கொடுத்திருந்தார்கள்.

இந்த மூன்று இடங்களிலும் மண்ணுக்குள் போனவர்கள் ஏழைகள். குப்பை எங்கே கொட்டப்படுகிறது என்பது வெறும் இடத்தைப் பற்றிய கேள்வியல்ல. யாருடைய குரல் சபைகளில் கேட்காதோ, அவர்களுடைய வேலியோரமே அதற்குத் தெரிவாகிறது.

புக்குவோக்காவில் ஒரு பேராசிரியர்

யப்பானின் தென்பகுதியிலுள்ள நகரம் புக்குவோக்கா. 1960களில் நகரங்கள் வேகமாக வளர்ந்தபோது குப்பையும் மலையாகப் பெருகியது. அதிலிருந்து வடியும் கறுப்புத் தண்ணீர் பெரும் பிரச்சினையானது. புக்குவோக்காப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மசத்தாக்கா ஹனஷிமா இதற்கு விடை தேடத் தொடங்கினார். நகரசபையும் அவருடன் சேர்ந்துகொண்டது.

குப்பையைப் பல விதமாக நிரப்பி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காற்றே புகாமல் மூடியது ஒரு விதம். இயந்திரத்தால் காற்றை ஊதிச் செலுத்துவது இன்னொரு விதம். ஊதினால் குப்பை விரைவாக உக்கியது. ஆனால் இயந்திரத்துக்கும் மின்சாரத்துக்கும் செலவு அதிகம். இவற்றுக்கு நடுவே ஒரு வழியைக் கண்டார்கள். காற்றை ஊத வேண்டியதில்லை, அது தானாக வரட்டும், வருவதற்கு வாசலை மட்டும் விட்டால் போதும் என்பதே அது. 1975இல் புக்குவோக்கா நகரின் ஷின் கமத்தா குப்பை நிலத்தில் இம்முறை நடைமுறைக்கு வந்தது. 1979இல் யப்பான் அரசு தன் வழிகாட்டியில் அதைச் சேர்த்தது. உலகம் இன்று அதைப் "புக்குவோக்கா முறை" என்கிறது.

குழாய் செய்யும் வேலை

குப்பை நிரப்பும் நிலத்தின் அடியில் சரிவாக, துளைகள் இட்ட பெரிய குழாயைப் பதித்து அதைச் சுற்றிக் கல்லடுக்குவார்கள். குப்பையிலிருந்து வடியும் நீர் அதன் வழியே ஓடிவிடும். குழாய் பெரிதாக இருப்பதால் நீர் அதன் அடிப்பகுதியில் மட்டும் ஓடும். மேற்பகுதி வெறுமையாக இருக்கும். குழாயின் வெளி வாய் எப்போதும் திறந்தே இருக்கும்.

அடுத்ததாக, அந்தக் குழாயிலிருந்து குப்பைக்கு நடுவே நிமிர்ந்து நிற்கும் குழாய்களை வைப்பார்கள். குப்பை உக்கும்போது உள்ளே வெப்பம் 50 பாகை செல்சியசுக்கும் மேலே போகும். சூடான வாயு மேலே எழுந்து நிமிர்ந்த குழாய்களால் வெளியேறும். அது விட்ட இடத்தை நிரப்ப, கீழே திறந்த வாயால் குளிர்ந்த காற்று உள்ளே வரும். எங்கள் அடுப்படிப் புகைபோக்கி வேலைசெய்வதும் இப்படித்தானே. இயந்திரமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

காற்றுப்பட்ட குப்பை விரைவாக உக்குகிறது. வடியும் நீரின் அழுக்கும் நாற்றமும் குறைகின்றன. மீதேன் எவ்வளவு குறையும்? காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2006இல் வெளியிட்ட வழிகாட்டி, காற்றில்லாமல் நிரப்பிய குப்பை நிலத்தின் மீதேனை 1 எனக் கொண்டால், இம்முறையில் நிரப்பிய நிலத்துக்கு 0.5 என்று கணக்கிடுகிறது. அதாவது பாதி. 2011இல் ஐக்கிய நாடுகள் காலநிலை அமைப்பும் இதை மீதேன் குறைக்கும் முறையாக ஏற்றுக்கொண்டது.

விலையுயர்ந்த பொருட்களும் தேவையில்லை. குழாய் வாங்க வசதியில்லாத இடங்களில் மூங்கில், பழைய எண்ணெய்ப் பீப்பாய், கழித்த ரயர் ஆகியவற்றாலும் செய்கிறார்கள். மலேசியாவும், பசிபிக் தீவான சமோவாவும் இம்முறையைக் கைக்கொண்டன. கோஷே அனர்த்தத்தின் பின் எத்தியோப்பியாவுக்கும் அது கொண்டுசெல்லப்பட்டது. ஹனஷிமாவுக்குப் பின் பேராசிரியர் யசூஷி மட்சுபூஜி நாடு நாடாகச் சென்று இதைக் கற்பித்தவர்.

இவற்றையெல்லாம் அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பங்கருக்கும் நாங்கள் ரெண்டு வாசல் விட்டுத்தானே வெட்டினனாங்கள், பிள்ளை. ஒண்டு மூடினாலும் மற்றதால காத்து வரும். இவ்வளவு காலமும் இது ஏன் ஒருத்தருக்கும் விளங்கேல்லை?" என்றார்.

எங்கள் கையில் உள்ளதும் இல்லாததும்

சகோதரிகளே, இம்முறை மீதேனைக் குறைக்கிறது, முற்றாக இல்லாமல் செய்யவில்லை. குழாய் அடைபட்டால், தண்ணீர் தேங்கினால் பயன் போய்விடும். குப்பையை இப்படித்தான் நிரப்ப வேண்டும் என்று தெரிந்த ஒருவர் அங்கே நிற்கவும் வேண்டும். ஆகவே உக்கக்கூடியது அந்த மேட்டுக்குப் போகாமலே இருப்பதுதான் முதல் வழி.

அதற்கு வீட்டில் செய்யக்கூடியவை உண்டு. உக்குவதையும் உக்காததையும் வேறாக்குங்கள். வளவுள்ளவர்கள் சமையலறைக் கழிவைக் கூட்டெருவாக்கலாம். பீப்பாயில் போடுவதானால் அடியிலும் பக்கத்திலும் துளை இடுங்கள். ஈரக் கழிவுக்கு மேல் காய்ந்த சருகு போடுங்கள். கிழமைக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். நாற்றம் வந்தால் உள்ளே காற்றுப் போதவில்லை என்று அர்த்தம். அடுப்புத் தணலைக் குப்பையோடு கொட்டாதீர்கள். பிள்ளைகளைக் குப்பை மேட்டில் விளையாட விடாதீர்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். குப்பையைப் பிரிப்பது, கூட்டுவது, நாற்றத்தைச் சகிப்பது எல்லாமே பெண்ணின் வேலை என்று ஒதுக்கிவிட்டு, மேட்டை மட்டும் அப்படியே விடுவது நியாயமல்ல. நாங்கள் பிரித்துக் கொடுத்ததை லொறியில் மீண்டும் ஒன்றாகக் கொட்டினால் எங்கள் உழைப்பு வீண். நிலத்தின் அடியில் குழாய் பதிப்பது எந்த வீட்டுப் பெண்ணாலும் ஆகாது. அது சபைகளின் கடமை.

எனவே உங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில், கிராம அபிவிருத்திச் சங்கத்தில், பிரதேச சபையில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பிரித்துக் கொடுக்கும் குப்பை பிரித்தே கொண்டுசெல்லப்படுகிறதா? குப்பை நிலத்துக்குத் தண்ணீர் வடியவும் காற்றுப் போகவும் வழி இருக்கிறதா? வீடுகளுக்கும் அந்த மேட்டுக்கும் இடையே எவ்வளவு தூரம், கிணற்று நீரைப் பரிசோதிப்பது யார்?

அந்தக் கிராமத்தில் 19 பெண்கள் ஒப்பமிட்டு இந்தக் கேள்விகளைக் கடிதமாக எழுதிக் கையளித்திருக்கிறார்கள். கடிதத்தை எழுதியவர் அந்த அம்மாவின் மூத்த மகள். குழாய் எப்படி வேலைசெய்யும் என்று பென்சிலால் ஒரு படமும் கீறி இணைத்திருந்தாள். பதில் இன்னும் வரவில்லை. வரும் மாதமும் சபைக் கூட்டத்துக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நானும் அவர்களோடு போகிறேன்.