தீருதவியும் குழந்தையின் உறக்கமும்

டிசம்பர் 6 அண்ணலின் நினைவு நாள். கொங்கு மண்ணில் அதற்கு நான்கு நாள் முன்னதாகவே நமக்கு இன்னொரு நினைவு நாள் வந்துவிடுகிறது. 2019 டிசம்பர் 2 அதிகாலையில், மேட்டுப்பாளையம் நடூரில், மழையில் ஊறிய உயரமான கருங்கல் மதில் சரிந்து அருந்ததியர் வீடுகள்மேல் விழுந்தது. 17 பேர் மாண்டார்கள். தன் மகன், மகள் இருவரையும் பறிகொடுத்த ஒரு தகப்பன் அவர்களின் கண்களைத் தானமாகக் கொடுத்தார். அது தீண்டாமைச் சுவர் என்று நாம் சொன்னோம். நீதி கேட்டு மருத்துவமனை முன் கூடியவர்களுக்குத் தடியடி கிடைத்தது.

இறந்தவர் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, வீடு என்று அரசு அறிவித்தது. வேண்டியதுதான். ஆனால் அந்தத் தெருவில் சத்தம் கேட்டு எழுந்து, ஈரமண்ணிலிருந்து உடல்களை எடுப்பதைப் பார்த்து நின்ற பிள்ளைகள் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்கள். அவர்கள் சாகவில்லை, காயம்படவும் இல்லை. இரவில் மழை பிடித்தால் படுக்க மறுக்கும் ஒரு குழந்தைக்கு எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்குவது? இன்று நாம் பேச வந்தது அந்தத் தலைப்பைப் பற்றித்தான்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகள் 2016இல் திருத்தப்பட்டன. அந்தத் திருத்தத்தில் கொலைக்கான தீருதவி 8.25 லட்சம் என்று வைக்கப்பட்டது: பாதி உடற்கூறாய்வு முடிந்ததும், மீதி குற்றப்பத்திரிகை நீதிமன்றம் போனதும். ஓய்வூதியம் உண்டு, பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை செலவு உண்டு, மூன்று மாதத்துக்கு அரிசி, பருப்பு, பாத்திரம் உண்டு. இவையெல்லாம் போராடிப் பெற்றவை, ஒன்றையும் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனாலும் கவனியுங்கள்: குற்றத்தின் வகை தொகையைத் தீர்மானிக்கிறது, வழக்கின் படி தவணையைத் தீர்மானிக்கிறது. குழந்தையின் மனம் குற்றப்பத்திரிகையோடு சேர்ந்து நடப்பதில்லை. சட்டத்தின் 15ஏ பிரிவு உணவு, குடிநீர், உடை, இருப்பிடம், மருத்துவம், பயணம், தினப்படி என்று வரிசையாகச் சொல்கிறது. மனநல ஆலோசனை என்ற சொல் அந்த வரிசையில் இல்லை.

இதையே போக்சோ விதிகளோடு வைத்துப் பாருங்கள். 2020 விதிகளின்படி இழப்பீடு நிர்ணயிக்கும் சிறப்பு நீதிமன்றம் உடல்நலச் செலவோடு மனநலச் செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும். மன அதிர்ச்சியால் பள்ளிக்குப் போகாமல் இழந்த படிப்பையும் பார்க்க வேண்டும். வழக்கு முடியும் முன்பே இடைக்கால இழப்பீடு கொடுக்கலாம். ஆக, மனக்காயம் என்றால் என்னவென்று அரசுக்குத் தெரியாமல் இல்லை. பாலியல் குற்றம் என்றால் அதைப் படிக்கத் தெரிந்த சட்டம், சாதிக் குற்றம் என்றால் எழுத்துக்கூட்டித் தடுமாறுகிறது. 2022இல் பெருந்துறை அருகே ஓர் அரசுப் பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவவைத்த செய்தி வெளியானது. தலைமையாசிரியை கைதானார். அந்தப் பிள்ளைகளுக்கு அதே பள்ளி வாசலை மறுபடி மிதிப்பது எப்படி இருந்திருக்கும்? கைது அதற்குப் பதில் ஆகாது.

தனியார் நன்கொடை வருமே என்பார்கள். ஆலைகளும் பம்புசெட் கம்பெனிகளும் நிறைந்த கோவையில் அதற்குப் பஞ்சமில்லை. 2013 கம்பெனிச் சட்டப்படி, வரம்புக்கு மேல் உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நடப்பில் அது வகுப்பறையாகவும் நோட்டுப் புத்தகமாகவும் தையல் மெஷினாகவும் வருவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். ரிப்பன் வெட்டலாம், போட்டோ எடுக்கலாம். வெளிநாட்டு உதவி பெற்று நம் சிறு அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்த பெரிய அமைப்புகளின் வழியை 2020 திருத்தம் அடைத்துவிட்டது.

மனக்காயத்துக்கான வேலையில் ரிப்பன் வெட்ட எதுவும் இல்லை. ஒரே ஆலோசகர், வாரம் தவறாமல், இரண்டு மூன்று ஆண்டு வரவேண்டும். பிள்ளை முதல் மாதம் வாயே திறக்காது. படம் வரையும், களிமண் பிசையும். ஆள் மாறினால் மறுபடி முதலிலிருந்து. அந்த ஆளுக்கு நம் தெருவுக்குள் வந்து, கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடிக்கத் தெரிய வேண்டும். இதைப் படிப்புச் சான்றிதழில் பார்க்க முடியாது. செலவின் பெரும்பகுதி அவருடைய சம்பளம். இன்னொன்றை யாரும் எழுதுவதில்லை: பிள்ளையைக் கோவை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் அம்மாவுக்கு அன்றைய கூலி போச்சு. பஸ் செலவு தனி. அதையும் திட்டச் செலவாக எழுதாவிட்டால், மூன்றாம் வாரம் பிள்ளை வராது.

பணம் எங்கே என்று கேட்டால், நம் பெயரிலேயே இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு மக்கள்தொகை விகிதப்படி நிதி ஒதுக்கும் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தைத் தமிழ்நாடு 2024இல் நிறைவேற்றியது. 2011 கணக்கில் ஆதிதிராவிடர் மட்டுமே 20 சதவீதம். அந்த நிதியில் வன்கொடுமையைக் கண்ட பிள்ளைகளின் மனநலத்துக்கென்று தனித் தலைப்பு வேண்டும். தலைப்பு பிறந்தால்தான் பணம் வரும்.

ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி. அலுவலர் அல்லாத உறுப்பினர்களாக நம்மவர்களும் அதில் உட்காருகிறார்கள். எத்தனை வழக்குகளில் தீருதவி கொடுத்தாயிற்று என்று அங்கே வாசிப்பார்கள். அந்த வீடுகளில் 18 வயதுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள், அவர்களில் எத்தனை பேரை ஓர் ஆலோசகர் பார்த்தார் என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். பதிலை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.