ப்ரையர் எலார்ம் அடித்தால் என்ன அர்த்தம்? கடை உரிமையாளர்களின் கவனத்திற்கு

எமது ஊர்களில் சிக்கன், றோல்ஸ் பொரிக்கும் பல கடைகளில் தாச்சிக்குப் பதிலாக டிஜிட்டல் கொன்ட்ரோலர் பொருத்திய ப்ரையர்கள் வந்துவிட்டன. நோன்பு காலத்து மாலை நெரிசலில் எலார்ம் அடித்தால், சத்தத்தை நிறுத்திவிட்டு வேலையைத் தொடரத்தான் எவருக்கும் தோன்றும். ஆனால் அந்தச் சத்தம் ஒரே விடயத்தைச் சொல்வதில்லை.

எண்ணெய்க்குள் இருக்கும் சென்சர் வெப்பத்தை அளக்கிறது. கொன்ட்ரோலர் அதற்கேற்ப ஹீட்டரையோ கேஸையோ திறந்து மூடுகிறது. பொரிப்பதற்குப் பொதுவாக 170 முதல் 190 பாகை செல்சியஸ் போதும்.

வெப்பம் குறைவு: குளிரூட்டிய கோழியை ஒரேயடியாகக் கொட்டினால் எண்ணெய் சூடு இறங்கும், சிறிது நேரத்தில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அளவுக்கு மிஞ்சிப் போட்டிருக்கலாம், ஹீட்டர் பழுதடைந்திருக்கலாம், கேஸ் குறைந்திருக்கலாம். வெளியே நிறம் வந்தாலும் உள்ளே வேகாமல் இருக்கலாம். கோழியின் உட்பகுதி 74 பாகையை எட்டினால்தான் கிருமிகள் அழியும்.

வெப்பம் அதிகம்: இதுவே மிக ஆபத்தானது. ஹீட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டால், கொன்ட்ரோலர் நிறுத்தச் சொன்னாலும் சூடு ஏறிக்கொண்டே போகும். எண்ணெய் முதலில் புகையும், பிறகு தானாகவே தீப்பிடிக்கும்.

சென்சர் கோளாறு: வயர் அறுந்தால் கொன்ட்ரோலர் அதைக் கண்டுபிடித்து எலார்ம் அடிக்கும். ஆனால் சென்சரில் கரி படிந்தாலோ எண்ணெய் மட்டம் அதற்குக் கீழே இறங்கினாலோ, எலார்ம் அடிக்காமலே அளவு பிழையாகக் காட்டலாம். ஆகவே சென்சரைத் துப்புரவாக வைத்திருங்கள். தனியான வெப்பமானியால் இடைக்கிடை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவை அனைத்தும் தவறினால் கடைசிக் காவலாக இருப்பது, கொன்ட்ரோலரைச் சாராமல் தனியாக இயங்கும் பாதுகாப்புத் துண்டிப்பான். பல இயந்திரங்களில் இது 230 பாகைக்கு அண்மையில் சூட்டை முற்றாக நிறுத்தும். அடிக்கடி இது விழுகிறது என்பதற்காக வயரை நேரடியாக இணைத்து ஓட்டுவது, கடைக்கு நாமே தீ வைப்பதற்குச் சமம்.

அதிக வெப்ப எலார்ம் அடித்தால் மின்சாரத்தையும் கேஸையும் பிரதான இடத்தில் நிறுத்துங்கள். எண்ணெயை நகர்த்த வேண்டாம். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அது நொடியில் ஆவியாகி எரியும் எண்ணெயைச் சுற்றிலும் வீசும். சமையல் எண்ணெய்த் தீக்கென்றே உள்ள தீயணைப்பானும் தீப் போர்வையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எலார்ம் குறியீடுகள் கம்பனிக்குக் கம்பனி மாறுபடும். எனவே அவற்றின் விளக்கத்தைத் தமிழில் எழுதி இயந்திரத்தின் அருகே ஒட்டிவிடுங்கள்.

ப்ரையர் முன் நிற்பது பெரும்பாலும் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஓர் இளைஞன். வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது இயந்திரத்தை அணைக்க அவன் தயங்குவான். “வியாபாரம் நின்றாலும் பரவாயில்லை, முதலில் அணை” என்று முதலாளி முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் அந்தத் தயக்கம் நீங்கும்.