உடலுக்குள் உறங்கும் மின்சுற்று

மின்னணுவியல் பயிலும் மாணவர் ஒருவர், உடலினுள் பொருத்தத்தக்க நரம்புத் தூண்டி ஒன்றின் மின்சுற்றை வரைந்து என்னிடம் கொணர்ந்தார். கருவி இயங்குவதை அறிவிக்கச் சிறு விளக்கொன்றையும் அதில் அமைத்திருந்தார். "இவ்விளக்கு எவ்வளவு மின்னோட்டம் கொள்ளும்?" என்று வினவினேன். "இரண்டே மில்லிஆம்பியர், ஐயா" என்றார். அவர் கொண்ட மின்கலத்தின் கொள்ளளவு 1 ஆம்பியர்-மணி. இருவருமாக வகுத்துப் பார்த்தோம். 500 மணி நேரம். இருபத்தொரு நாள்கூட நிறையவில்லை!

"தம்பி, தோலுக்கடியில் எரியும் விளக்கை யார் காண்பார்? கைவிளக்கின் கலம் தீர்ந்தால் கடையில் வேறு வாங்கலாம். இக்கலம் தீர்ந்தால் மனிதர் ஒருவர் மீண்டும் அறுவைக் கூடத்திற்குச் செல்ல வேண்டுமே" என்றேன்.

நரம்புத் தூண்டிக்கு மூத்த உடன்பிறப்பு இதயத் துடிப்பியக்கி. 1958 அக்டோபர் 8 அன்று, சுவீடன் நாட்டில், ரூனே எல்ம்கிவிஸ்ட் ஆக்கிய துடிப்பியக்கியை ஓகே சென்னிங் என்னும் மருத்துவர் ஆர்னே லார்சன் என்பாரின் உடலினுள் பொருத்தினார். அது சில மணி நேரமே உழைத்தது. லார்சன் 2001 வரை வாழ்ந்தார்; அதற்குள் இருபதுக்கு மேற்பட்ட கருவிகள் அவருக்குத் தேவைப்பட்டன. கருவியின் ஆயுள் எத்துணை முதன்மையானது என்பது இதனால் விளங்கும்.

பத்தாண்டு என்பது 87,600 மணி. 1 ஆம்பியர்-மணிக் கலம் அதுவரை நீடிக்க வேண்டுமாயின், சராசரியாக 11 மைக்ரோஆம்பியரே செலவிடலாம். நடுக்குவாதத்தைத் தணிக்க மூளை நரம்பணுக்களைத் தூண்டும் கருவியை எண்ணுங்கள். நொடிக்கு 130 துடிப்பு, ஒவ்வொன்றும் 60 மைக்ரோநொடி, அளவு 3 மில்லிஆம்பியர் எனக் கொண்டால், சராசரி 23 மைக்ரோஆம்பியர் ஆகிறது. பத்தாண்டுக்கு இதற்கு மட்டுமே 2 ஆம்பியர்-மணிக்குச் சற்று மிகுதியாக வேண்டும். இது நோயாளிக்குச் சேரும் மருந்து, இதனைக் குறைத்தலாகாது. ஆதலின், மருந்தை அளந்து கொடுக்கும் சுற்றே சிக்கனம் பழக வேண்டும்.

அச்சிக்கனத்திற்கு வழிகள் உண்டு. முதலாவது, 1963இல் பிராங்க் வான்லாஸ் கண்ட சி-மாஸ் அமைப்பு. இதில் இரண்டு டிரான்சிஸ்டர்களுள் ஒன்று திறக்கும்போது மற்றது மூடிக்கொள்கிறது. நிலைமாறும் கணத்திலன்றி மின்சாரம் ஏறத்தாழச் செலவாவதே இல்லை. இரண்டாவது, அழுத்தத்தைக் குறைத்தல். வோல்ட்டைப் பாதியாக்கினால், நிலைமாற்றத்திற்கு ஆகும் ஆற்றல் கால்பங்காகிறது. மூன்றாவது, உறக்கம். கைக்கடிகாரத்தில் உள்ளது போன்ற, நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகம் ஒன்று மட்டும் விழித்திருக்க, ஏனைய பகுதிகள் தம் முறை வரும்வரை துயிலலாம்.

எனினும், சிக்கனம் புகக் கூடாத இடம் ஒன்றுண்டு. நரம்புக்குச் செலுத்திய மின்னூட்டத்தை, அதே அளவில் எதிர்த்திசையில் திரும்பப் பெற்றுவிட வேண்டும். சிறிது எஞ்சினும், அது துடிப்புதோறும் சேர்ந்து மின்முனையை அரிக்கும், திசுவைப் புண்படுத்தும். எனவே மின்முனைக்கு முன்னர் மின்தேக்கி ஒன்றைக் காவலாக வைப்பர். இடத்தை மிச்சப்படுத்த அக்காவலை நீக்குவதற்கு முன் பன்முறை சிந்திக்க வேண்டும்.

மறுவாரம் அம்மாணவர் மீண்டும் வந்தார். விளக்கு நீங்கியிருந்தது, மின்தேக்கி இருந்தது. வரைபடத்தின் ஓரத்தில், ஒவ்வொரு பகுதிக்கும் நேராக, அது கொள்ளும் மைக்ரோஆம்பியரைப் பென்சிலால் குறித்திருந்தார். இளைஞர்களே, நீங்கள் சுற்று வரையும்போதும் அக்கணக்கை முதலிற் போடுங்கள். அதன் ஒவ்வோர் இலக்கமும் முகமறியாத ஒருவரின் வாழ்நாட்களில் ஒரு பகுதியாகும்.