மலையை மறுபடி தோண்டாமல்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வரும். சில்வர் ஓக் மரங்களும், அவற்றில் படர்ந்த மிளகுக் கொடியும், அடியில் காப்பிச் செடியுமாகத் தோட்டங்கள் தொடங்கிவிடும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த பயிர் அந்தக் காப்பி. சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் ஏரியில் படகு விட்டு, லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். இந்த மலைக்கு இன்னொரு கதை உண்டு. சேர்வராயன் மலையின் உச்சி மேடுகளில் தொப்பி கவிழ்த்ததுபோல் பாக்சைட் படிந்திருக்கிறது. பல ஆண்டுகள் அதை வெட்டி மேட்டூருக்கு அனுப்பினார்கள். அங்கே மால்கோ ஆலையில் அது அலுமினியம் ஆனது. 2008-இல் அந்தச் சுரங்க வேலை நின்றது.

ஒரு டன் அலுமினியம் வேண்டுமென்றால் நாலைந்து டன் பாக்சைட்டைத் தோண்ட வேண்டும். அதைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 14,000 யூனிட் மின்சாரம் போகும். பழைய அலுமினியத்தை உருக்கி மறுபடி வார்ப்பதற்கு இருபதில் ஒரு பங்கு போதும். இந்தக் கணக்கோடு ஒரு மேசைக் கணினியைத் திறந்து பாருங்கள். பிராசஸரின் தலைமேல் சீப்புப் பற்கள்போல வரிசையாகத் தகடுகள் நிற்கும். பெரும்பாலும் அது அலுமினியம்தான். சிப் கக்கும் சூட்டை வாங்கி வெளியே விடுவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. எங்கோ ஒரு மலையின் தலையைச் சீவி எடுத்த உலோகம், வீணாகும் சூட்டை விரட்டப் போகிறது. அந்தச் சூடு ஏன் வருகிறது என்று கேட்டால்தான் இந்தக் கட்டுரையின் விஷயத்துக்கு வர முடியும்.

காப்பி பறிக்கும் ஒருவர், ஒவ்வொரு பழத்தையும் தனித்தனியாகச் சேலத்துக்குக் கொண்டுபோய் எடை போடுகிறார், அந்த எடையைக் குறித்துவைக்க மறுபடி மலையேறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பறிக்கிற வேலையைவிட வளைவுகளில் ஏறி இறங்குவதிலேயே அவருடைய நாள் போய்விடும். இன்றைய கணினிக்குள் நடப்பது இதுதான். கணக்குப் போடும் இடம் வேறு, நினைவில் வைக்கும் இடம் வேறு. இரண்டுக்கும் நடுவே எண்கள் ஓயாமல் அலைகின்றன. செயற்கை நுண்ணறிவு வேலைகளில் கணக்கைவிட இந்த அலைச்சல்தான் அதிக மின்சாரம் தின்கிறது. தின்ற மின்சாரம்தான் சூடாக வெளிவருகிறது.

நம் மண்டைக்குள் அப்படி இல்லை. சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். ஒன்றும் இன்னொன்றும் சந்திக்கும் சினாப்ஸ்தான் நினைவைத் தாங்குகிறது, வேலையும் அங்கேயே நடக்கிறது. சேதி வராத அணு சும்மா இருக்கும். மொத்த மூளைக்கும் சுமார் 20 வாட், ஒரு எல்இடி டியூப்லைட்டுக்கு ஆகிற மின்சாரம். இந்த ஏற்பாட்டைச் சிலிக்கானில் கொண்டுவர முடியுமா என்று 1980-களில் யோசித்தவர் அமெரிக்காவின் கார்வர் மீட். நியூரோமார்ஃபிக் என்ற பெயர் அவர் வைத்தது. 2014-இல் ஐபிஎம் வெளியிட்ட ட்ரூநார்த் சிப்பில் 10 லட்சம் செயற்கை நரம்பணுக்கள் இருந்தன. அது எடுத்துக்கொண்டது 70 மில்லிவாட் அளவு மின்சாரம்.

நமக்கு இன்னும் பக்கத்தில் பெங்களூரு இருக்கிறது. அங்கே இந்திய அறிவியல் கழகத்தில் ஸ்ரீதோஷ் கோஸ்வாமியின் குழு ஒரு மெல்லிய மூலக்கூறு படலத்தை உருவாக்கியது. சாதாரண சிப்பில் ஒரு புள்ளிக்கு இரண்டே நிலைகள், பூஜ்யம் அல்லது ஒன்று. இந்தப் படலத்தில் மின்துடிப்பு கொடுக்கக் கொடுக்க மூலக்கூறுகளும் அயனிகளும் இடம் மாறி, 16,500 வெவ்வேறு நிலைகளில் நிற்கின்றன. நினைவும் கணக்கும் ஒரே இடத்தில். 2024 செப்டம்பரில் 'நேச்சர்' இதழ் இதை வெளியிட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்டான பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை.

மின்சாரம் மிச்சமாகும், சரி. குப்பை குறையுமா? ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி 2022-இல் உலகம் எறிந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம்தான். மீதியில் நிறைய, வயரை எரித்துச் செம்பு எடுக்கும் புகையாகவும், போர்டை அமிலத்தில் ஊறவைத்துத் தங்கம் எடுக்கும் கழிவுநீராகவும் ஏழைகளின் உடம்பில் இறங்குகிறது. இதன்மேல் உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை ஓட்டும் சர்வர்கள் வேறு. 2020 முதல் 2030 வரை அவற்றால் மட்டும் 12 லட்சம் முதல் 50 லட்சம் டன் வரை கழிவு சேரலாம் என்று 2024-இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

ஆகவே சிக்கனமான சிப் வந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் பழையதையெல்லாம் ஒரே மூச்சில் தூக்கி எறிந்தால், மின்கட்டணம் குறையும், குப்பைமேடு உயரும். மூளையிடமிருந்து சிக்கனத்தை மட்டும் படித்தால் போதாது என்பது என் கருத்து. எட்டு வயதில் வாய்ப்பாடு படித்த அதே மூளைதான் எண்பது வயதில் பேரனிடம் வீடியோ கால் போடக் கற்றுக்கொள்கிறது. பழைய மூளையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுவதில்லை, இருப்பதே தன்னைத் திருத்திக்கொள்கிறது. இதற்கும் ஒரு தொடக்கம் இருக்கிறது. 2022-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஸ்ரீராம் ராமநாதன் தலைமையிலான குழு, நியோடிமியம் நிக்கல் ஆக்சைடில் ஹைட்ரஜனைப் புகுத்தி ஒரு சாதனம் செய்தது. மின்துடிப்பை மாற்றினால் அதுவே மின்தடையாகும், மின்தேக்கியாகும், நரம்பணுவாகும், சினாப்ஸும் ஆகும். வேலை மாறும்போது சாதனத்தை மாற்ற வேண்டாம். பரிசோதனைக்கூடத்தைத் தாண்டி அது நம் கைக்கு வந்தால், போனை எறியச் சொல்லும் காரணங்களில் ஒன்றாவது குறையும்.

மூளையைப் பார்த்துச் செய்த இத்தகைய சிக்கனக் கருவிகளுக்கு ஏற்காட்டிலேயே தேவை இருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. கோடையில் சரிவுகளில் காட்டுத்தீ. மண் நகர்வதையும் புகை எழுவதையும் கவனிக்கும் கருவிகளைக் காட்டுக்குள் வைக்கலாம். ஆனால் எந்நேரமும் விழித்திருக்கும் கருவி பேட்டரியைச் சீக்கிரம் தின்றுவிடும். தீர்ந்த பேட்டரி காட்டிலேயே கிடக்கும். கண்ணின் விழித்திரையைப் பார்த்துச் செய்த கேமராக்கள் வந்திருக்கின்றன. எதிரே அசைவு உண்டானால்தான் அவற்றின் புள்ளிகள் சேதி அனுப்பும். காட்சி அதிகம் மாறாத இடத்துக்கு ஏற்ற கண் அது.

அந்தக் கருவி நம் காட்டுக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலையும் உண்டு: பழைய மின்னணுப் பொருளைத் திரும்பச் சேகரிப்பது. நீலகிரியில் 2022 மே மாதம் முதல் டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தைத் தருகிறார்கள். காட்டில் யானைக் காலைக் கிழித்த கண்ணாடிக்கு அப்படி ஒரு விலை கிடைத்தது. மின்னணுப் பொருளுக்கும் முன்பணம் வாங்கித் திருப்பித் தரும் வழியை மத்திய அரசின் 2016 விதிகளே சொல்லின. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகள், விற்ற பொருளின் கழிவுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகின்றன. பெருநகரத்தில் அதற்குக் கடையும் ஆளும் கிடைக்கலாம். ஏற்காட்டு மலைக் கிராமங்களான நாகலூரிலோ மஞ்சக்குட்டையிலோ ஒருவர் செத்துப்போன செல்போனை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்? பழைய இரும்பு வாங்க வருகிறவர் தராசில் போட்டால் ஒரு காப்பிச் செலவுக்குக்கூடத் தேறாது. அதனால் அது அலமாரியில் கிடக்கிறது, இல்லாவிட்டால் ஓடையில்.

ஏற்காடு பேருந்து நிலையத்தில் ஒரு பெட்டி, கோடை விழா மலர்க் கண்காட்சி வாசலில் இன்னொன்று, போடுகிறவர் கையில் ஒரு ரசீது, அதற்கு உற்பத்தியாளர் கணக்கிலிருந்து ஒரு தொகை. மாவட்ட நிர்வாகம் நினைத்தால் வருகிற மே மாதமே தொடங்கலாம். சேலத்திலிருந்து மளிகை ஏற்றி வரும் வண்டிகள் அதே 20 வளைவுகளில் திரும்பி இறங்கத்தான் செய்கின்றன. ஒரு மூட்டைக்கு அவற்றில் இடம் இருக்கும்.