மலிவு விலை முதிர் ரம்: சுவையும் மதிப்பீடும்

நுகர்பொருள் ஒன்றின் விலையே அதன் தரத்தின் அளவுகோல் என்னும் எண்ணம் சந்தைச் சமுதாயத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. மதுபானங்களைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் மேலும் வலுவானது. போத்தலின் வடிவம், சுட்டுத்துண்டிலுள்ள பாய்க்கப்பலின் படம், பெரிதாக அச்சிடப்பட்ட எண் ஆகியன நா தீர்ப்பளிக்கும் முன்னரே தீர்ப்பளித்துவிடுகின்றன. நாவுக்குரிய அத்தீர்ப்பை நாவிடமே மீளக் கையளித்தல் இயலுமா? சில ஆண்டுகள் பீப்பாவில் முதிர்ந்தும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்ற ரம்மை முன்னிறுத்தி இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கயானாவின் டெமராரா ரம்மை நாம் சிறப்பு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் சுவையும் வரலாறும் ஒன்றையொன்று விளக்குவன என்பதே அதற்குக் காரணம்.

விலை குறைவதன் காரணங்கள்

குறைந்த விலை தரக்குறைவின் விளைவாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. பெரும்பாலான ரம் வகைகளின் மூலப்பொருள் மொலாசஸ் எனப்படும் கரும்பாகு ஆகும். சீனி ஆலையில் பளிங்குச் சீனி பிரிக்கப்பட்டபின் எஞ்சும் பக்கவிளைபொருளே அது. இதனை நொதிக்கவைத்து வடித்தெடுக்கும் முறை 17ஆம் நூற்றாண்டிலேயே கரிபியன் தீவுகளில் நிலைபெற்றுவிட்டது. முதிர்விப்பதற்கான பீப்பாக்களும் மலிவாகவே கிடைத்துவந்தன. அமெரிக்கச் சட்டப்படி பேர்பன் விஸ்கியை உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் கலங்களிலேயே முதிர்வித்தல் வேண்டும். ஒருமுறை பயன்பட்ட பீப்பா அவர்களுக்கு மீண்டும் பயன்படாது. ஏறத்தாழ 200 லீற்றர் கொள்ளும் அப்பீப்பாக்களே ரம் வடிசாலைகளை வந்தடைகின்றன.

மூன்றாவது காரணம் வெப்பமாகும். ஸ்கொட்லாந்தின் குளிர்ந்த பண்டகசாலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 வீதம் ஆவியாகிப் போகின்றது. வெப்பவலயத்தில் இது 6 வீதமாகவும் அதற்கு மேலாகவும் அமையும். 6 வீதம் எனக் கொண்டு கணித்தால், 8 ஆண்டுகளின் முடிவில் பீப்பாவில் இட்டதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே எஞ்சும். 2 வீதமாயின் 85 வீதம் எஞ்சும். இழப்பு மிகுதியாயினும் அதே வெப்பம் மரத்தின் சாரத்தை விரைவாகக் கரைத்தெடுக்கின்றது. ஒட்சியேற்றத்தையும் எசுத்தர்கள் உருவாவதையும் விரைவுபடுத்துகின்றது. ஆகவே வெப்பவலயத்தில் 5 அல்லது 8 ஆண்டுகள் முதிர்ந்த ரம்மைக் குளிர்நாட்டு மதுவின் ஆண்டுக்கணக்கைக் கொண்டு இளையதென ஒதுக்குதல் தவறாகும். மிக நீண்டகாலம் முதிர்ந்த ரம்மில் மரத்தின் துவர்ப்பு ஏனையவற்றை விழுங்கிவிடுதலும் உண்டு.

எண் கூறுவதும் கூறாததும்

சுட்டுத்துண்டிலுள்ள ஆண்டு எதனைக் குறிக்கின்றது? யமேக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அது கலவையிலுள்ள மிக இளைய ரம்மின் வயதைக் குறித்தல் வேண்டும். எனினும் சில போத்தல்களில் எண் மட்டும் காணப்படும். ‘ஆண்டு’ என்னும் சொல் காணப்படாது. பல வயதுடைய மதுக்களைத் தொடர்ந்து கலந்துவரும் சொலேரா முறையில் அவ்வெண் மிக முதிர்ந்த துளியின் வயதாகவோ வெறும் பெயராகவோ இருக்கலாம். எண்ணைக் கண்டதும் அதனருகே எச்சொல் நிற்கின்றது என நோக்குதல் முதற்பாடமாகும்.

நிறமும் சான்றாகாது. எரித்த சீனியின் கருநிறத்தைச் சேர்த்து நிறத்தைச் சீர்செய்தல் பல நாடுகளில் அனுமதிக்கப்பட்ட வழக்கமேயாகும். சீனி சேர்த்தலோ சுவையையே மாற்றுவது. 2019ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குவிதி லீற்றருக்கு 20 கிராம் வரை இனிப்புச் சேர்க்க இடமளிக்கின்றது. முதிர்ச்சி தரவேண்டிய வழவழப்பைச் சீனியும் தரவல்லது என்பதாலேயே இது மதிப்பீட்டாளரின் கவனத்துக்குரியதாகின்றது.

இதனைக் கண்டறியும் வழி எளியது. அற்ககோல் மானி கரைசலின் அடர்த்தியையே அளக்கின்றது. சீனி அடர்த்தியைக் கூட்டுவதால், மானி உண்மையிலும் குறைந்த அற்ககோல் வீதத்தையே காட்டும். 40 வீதம் எனக் குறிக்கப்பட்ட ரம்மில், 20 பாகை செல்சியசில், மானி 36 எனக் காட்டுமாயின் லீற்றருக்கு ஏறத்தாழ 15 கிராம் சீனி கரைந்துள்ளதென ஊகிக்கலாம். மானி இல்லாதோர் ஒரு தேக்கரண்டி ரம்மை வெண்ணிறப் பீங்கான் தட்டில் உலரவிடலாம். மரச்சாரம் மட்டுமாயின் மெல்லிய படலம் எஞ்சும். சீனி மிகுந்ததாயின் விரலில் ஒட்டும் பாகு எஞ்சும்.

சுவைக்கும் முறை

வாய் குறுகிய சிறு கண்ணாடிக் குவளையில் 25 மில்லிலீற்றர் அளவு வார்த்து, பத்து நிமிடம் வைத்திருத்தல் வேண்டும். முதலில் எழும் அற்ககோலின் காரநெடி அதற்குள் அடங்கும். குவளையைச் சற்று எட்டப் பிடித்து, வாயைச் சிறிது திறந்தபடி முகர்ந்தால் மூக்கு மரத்துப்போகாது. மரத்திலிருந்து வருபவை வனிலா, தேங்காய், கறுவா ஆகியவற்றை ஒத்த மணங்கள். நொதித்தலிலும் வடித்தலிலும் பிறப்பவை கனிந்த வாழை, அன்னாசி, கரும்பாகு ஆகியவற்றை ஒத்தவை. இவ்விரு கூட்டமும் உளவா, ஒன்று மற்றொன்றை மூடிவிட்டதா என்பதே மூக்கு விடையளிக்கவேண்டிய வினா. வனிலா மட்டுமே மேலோங்கி வேறெதுவும் புலப்படாவிடின் ஐயுறல் தகும்.

முதல் மிடறு நாவைப் பழக்குவதற்கு மட்டுமே. அதனைக் கொண்டு தீர்ப்பளித்தல் கூடாது. இரண்டாம் மிடற்றை நா முழுவதும் பரவவிட்டு, இனிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என அவதானித்தல் வேண்டும். மரத்தினால் வரும் இனிமை விரைவில் துவர்ப்பாக மாறி உலர்ந்து முடியும். சேர்க்கப்பட்ட சீனி உதட்டிலும் நாநுனியிலும் படிந்து நிற்கும். பின்னர் சில துளி நீர் சேர்த்தால் நல்ல ரம் விரிந்து புதிய மணங்களைக் காட்டும். வெறுமையானது தளர்ந்து போகும்.

தன்னேமாற்றத்தைத் தவிர்க்க முக்குவளைச் சோதனை உதவும். இரு குவளைகளில் ஒரே ரம்மையும் மூன்றாவதில் வேறொன்றையும் பிறரொருவர் அறியாவண்ணம் வார்த்துத் தர, வேறானதை நாம் சுட்டுதல் வேண்டும். ஊகத்தால் மட்டும் சரியாகச் சுட்டும் வாய்ப்பு மூன்றிலொன்று. ஆதலால் பலமுறை செய்தே முடிவுகூறல் தகும். மலிவானதையும் விலையுயர்ந்ததையும் வேறுபடுத்த இயலாதவர் அவற்றின் விலை வேறுபாட்டுக்குத் தரும் பணம் சுட்டுத்துண்டுக்கே உரியது.

தனித்தா, கலந்தா?

இவ்விரண்டையும் உயர்வு தாழ்வாகக் கொள்ளும் மனப்பாங்கு பொருத்தமற்றது. அவை இருவேறு பயன்கள். தனித்து அருந்துவதற்குரிய ரம்முக்கு நீண்டு நிற்கும் முடிவும், காரம் தணிந்த உடலும் வேண்டும். கலப்பதற்குரியதற்கோ பிறவற்றை ஊடுருவி நிற்கும் வலு வேண்டும். ரம் 60, எலுமிச்சைச் சாறு 20, சீனிப்பாகு 15 மில்லிலீற்றர் எனக் கலந்து பனிக்கட்டியுடன் குலுக்கிப் பார்த்தல் நல்ல சோதனையாகும். புளிப்பையும் குளிரையும் மீறி ரம்மின் மணம் எழுமாயின் அது தேறியது. தனித்து அருந்தும்போது இதமெனத் தோன்றிய இனிப்பூட்டிய ரம் இங்கே பெரும்பாலும் திகட்டிவிடும். தனியே முரடாகத் தோன்றிய இளைய ரம் இங்கே சிறக்கும்.

டெமராரா ரம் இவ்விரு பயனுக்கும் பொருந்துவது. அதன் அதிமதுரச் சாயலும் கரும்பாகின் கனமும் கலவையில் மறைவதில்லை. அக்கனத்துக்கு ஒரு காரணம் பழைய மரவடிகலங்கள். 1830இல் ஏனியஸ் கொஃபி காப்புரிமை பெற்ற தொடர்வடிகலத்தின் மரவடிவம் எண்மோர் தோட்டத்துக்குரியது; இரட்டை மரப்பானை வடிகலம் போர்ட் மூரன்ட் தோட்டத்துக்குரியது. இன்று இரண்டும் டயமண்ட் வடிசாலையில் இயங்குகின்றன. சுவைஞர்கள் அவ்விரு தோட்டங்களின் பெயராலேயே அச்சுவைகளை இனங்காண்கின்றனர்.

நாவுக்கு எட்டாதது

அப்பெயர்களுக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1838 முதல் 1917 வரை ஏறத்தாழ 2,39,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகப் பிரித்தானிய கயானாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்தும், சிறுதொகையினர் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பலேறினர். பின்னவரின் வழித்தோன்றல்கள் அங்கு ‘மதராசிகள்’ எனப்பட்டனர். போர்ட் மூரன்ட் தோட்டத் தொழிலாளர் குடும்பமொன்றிலேயே 1918இல் செடி ஜகன் பிறந்தார். எண்மோரில் 1948 யூன் 16ஆம் நாள், கரும்பை வெட்டுவோரே ஏற்றவும் வேண்டும் என்னும் முறையை எதிர்த்தும் தாம் விரும்பிய சங்கத்துக்கு அங்கீகாரம் கோரியும் வேலைநிறுத்தம் செய்தோர்மீது பொலிஸார் சுட்டதில் ஐவர் உயிரிழந்தனர். சீனித் தொழிற்றுறை 1976இல் தேசியமயமாயிற்று. எண்மோர் ஆலை 2017இன் இறுதியில் மூடப்பட்டது. ஆலை மூடிய பின்னரும் அதன் பெயர் ஒரு சுவையின் பெயராக வாழ்கின்றது.

மலிவு விலையின் காரணங்களாக நாம் மேலே கரும்பாகையும் பீப்பாவையும் வெப்பத்தையும் மட்டுமே எண்ணினோம். கரும்பு வெட்டிய கையின் கூலி அப்பட்டியலில் விடுபட்ட நான்காவது காரணமாகும். இதனை எந்த முகர்ச்சியும் எந்த மானியும் காட்டமாட்டா.

எனவே மதிப்பீடு இரு நிலையினது. போத்தலில் உள்ளது யாது என்பதை மூக்கும் நாவும் எளிய கருவிகளும் கூறும். அவற்றைப் பயிற்றியவரை விலையோ எண்ணோ எளிதில் ஏமாற்றா. அது எவ்வாறு, எவரால் அங்கு வந்தது என்பதை வரலாறே கூறும். எண்மோர் என்னும் சொல்லை அதிமதுர மணத்தின் பெயராக மட்டும் அறிந்தவர் அந்த ரம்மைப் பாதியே சுவைத்தவராவர்.