கைக்கணினியும் விசைப்பலகையும்

ஏடும் எழுத்தாணியும் போய்த் தாளும் பேனாவும் வந்தன. இன்று கண்ணாடித் திரையை விரலால் தொட்டாலே எழுத்து விழுகிறது. அப்படியானால் மாணவருக்கு விசைப்பலகை தேவைதானா? சற்று ஆராய்வோம்.

கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்கு, இரண்டு ஆண்டுகளில், அவரவர் விருப்பப்படி கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று 2025 மார்ச்சில் தமிழக அரசின் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. உடனே எங்கள் வகுப்பு இரு கட்சியாயிற்று. "கைக்கணினிதான் தூக்க இலேசு" என்றனர் சிலர். "மடிக்கணினிதான் முழுக் கணினி" என்றனர் மற்றவர். இரண்டும் கலந்த மூன்றாவது வகையை, அதாவது விசைப்பலகை பொருத்திய கைக்கணினியைத் தோழி ஒருத்தி தன் அண்ணனிடமிருந்து வாங்கி வந்தாள். இரண்டு நாள் அது என்னிடம் இருந்தது.

இந்த எண்ணம் புதியதன்று. 1972இலேயே அமெரிக்க அறிஞர் ஆலன் கே, சிறுவரும் சுமந்து செல்லத்தக்க 'டைனாபுக்' என்ற கணினியை வரைந்து காட்டினார். ஒரே பலகையில் மேலே திரை, கீழே விசைகள். அது எண்ணமாகவே நின்றுவிட்டது. 2012இல் மைக்ரோசாப்ட் நிறுவனம், கழற்றி மாட்டும் விசைப்பலகையோடு 'சர்ஃபேஸ்' கணினியை வெளியிட்டது.

முதல் வேலையாக, வீட்டில் சின்ன வெங்காயம் நிறுக்கும் தராசில் அதை வைத்தேன். தனியே அரைக் கிலோ. விசைப்பலகையோடு ஒரு கிலோவுக்கு மேல்! 'இலேசு' என்ற வாதம் பாதி அடிபட்டது.

மறுநாள் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர்க் கல்மரத்தைக் காண வகுப்போடு சென்றோம். 1940இல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த, 18 மீட்டர் நீளமுள்ள, கோடிக்கணக்கான ஆண்டுகள் பழமையான மரம் அது. அங்கே விசைப்பலகையைக் கழற்றிப் பையில் போட்டேன். நின்றபடியே படம் எடுத்து, படத்தின் மேலேயே குறிப்பு எழுதினேன். மடிக்கணினியால் இது ஆகாது.

ஆனால் இரவு அறிக்கை எழுத உட்கார்ந்தபோது நிலைமை மாறியது. திரையில் தோன்றும் விசைகள் பாதித் திரையை மறைத்தன. எழுதிய முந்தைய பத்தியே தெரியவில்லை. விசைப்பலகையை மாட்டியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. தமிழுக்கு 1999இல் அரசு ஏற்ற 'தமிழ் 99' முறையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று தட்டினால் போதும். புள்ளி தானே விழும். 247 எழுத்துகளும் முப்பத்தொரு விசைகளில் அடங்குகின்றன.

குறைகளும் உண்டு. பெரிய விசைப்பலகையில் ஒரு விசைக்கும் அடுத்ததற்கும் சுமார் 19 மில்லிமீட்டர் இடைவெளி. ஒரு வரிசைக்குப் பதினைந்து விசை அகலம் என்றால் 285 மில்லிமீட்டர் வேண்டும். பத்து அங்குலக் கைக்கணினியின் அகலமோ 250தான். ஆகவே விசைகள் நெருங்கி, விரல் தடுமாறுகிறது. மேலும், மடிக்கணினியின் கனம் அடியில் இருக்கிறது; இதன் கனமோ திரையில் இருக்கிறது. மடியில் வைத்தால் பின்னால் சாய்கிறது. மேசை வேண்டும். எங்கள் வீட்டில் மேசை இல்லை. தகரப் பெட்டியின் மேல் வைத்துத்தான் எழுதினேன். அரியலூர்ப் பேருந்தில் அந்த வசதியும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான்தான். சென்ற பருவத்து அறிக்கையைக் கடையில் பணம் கொடுத்துத் தட்டச்சு செய்தேன். அதில் பிழை மலிந்து, மதிப்பெண் குறைந்தது. அதை அறிந்த அப்பா சொன்னார்: "ஏம்மா, படிக்கறது போன்லயே படிக்கிற. நீயே எழுதறதுக்கு எது தோதோ, அதைக் கேளு."

என் முடிவும் அதுவே. படிக்க மட்டுமே என்றால் கைக்கணினி போதும். வெளியே சென்று படமும் குறிப்பும் எடுப்பவருக்கு விசைப்பலகை பொருத்தியது நன்று. நாள்தோறும் பக்கம் பக்கமாக எழுத வேண்டிய, மேசையில்லா வீட்டு மாணவருக்கு மடிக்கணினியே ஏற்றது. என் விருப்பம் மடிக்கணினி.

நண்பர்களே! எது இலேசு என்று கேட்பதற்கு முன், அதைக் கொண்டு நாம் என்ன எழுதப்போகிறோம் என்று கேட்டுப் பார்ப்போம்.